பாலியல் வன்முறைத் தரவைச் சீராகப் பதிவது எப்படி: மாவட்ட அளவில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

போன வருஷம் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையம் ஒரு எண் சொல்லும். அரசு மருத்துவமனை வேறொன்று சொல்லும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரே இடத்தில் உதவி தரும் ஒன் ஸ்டாப் சென்டரில் இன்னொன்று, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இன்னொன்று, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றத்தில் இன்னொன்று. யாரும் பொய் சொல்லவில்லை. காவல் நிலையம் வழக்கை எண்ணுகிறது. மருத்துவமனை பரிசோதனைக்கு வந்தவரை எண்ணுகிறது. சென்டர் உதவி கேட்டு வந்தவரை எண்ணுகிறது. நீதிமன்றம் கோப்புக்கு எடுத்த வழக்கை எண்ணுகிறது. எதை எண்ணினோம் என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாவட்டத்துக்கு எத்தனை கவுன்சலர் வேண்டும், எந்த மருத்துவமனையில் இரவிலும் பெண் மருத்துவர் இருக்க வேண்டும், இழப்பீட்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் முடிவாகின்றன. எண் இறங்கினால் பணமும் இறங்கும். படிவத்தில் ஒரு வரி இடம் மாறியதால் இறங்கிய எண்ணாக இருந்தாலும் அதே கதிதான்.

ஒன் ஸ்டாப் சென்டரில் கேஸ் ஒர்க்கராகச் சேர்ந்தவர்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகில் டேட்டா என்ட்ரி பார்ப்பவர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், இந்த எண்களை வைத்து எழுதப் போகும் செய்தியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் தமிழ்நாட்டிலிருந்து, சட்டங்கள் இந்தியாவுக்குப் பொது. உங்களால் டெல்லியின் படிவத்தை மாற்ற முடியாது. உங்கள் மேசையில் இருக்கும் பதிவேட்டை மாற்ற முடியும். சீர்மை அங்கேயே தொடங்க வேண்டும்.

முதல் படி: ஒரு வழக்கு எந்தெந்த மேசைக்குப் போகிறது என்று வரைந்து பாருங்கள்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு முழுத்தாளை எடுத்து இதைச் செய்யுங்கள். ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம்.

17 வயதுப் பெண் ஒருத்தி வயிற்றுவலி என்று அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். பரிசோதித்தால் கர்ப்பம். பணி மருத்துவர் ஏ.ஆர். என்ட்ரி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு) போடுகிறார், காவல் நிலையத்துக்கு இன்டிமேஷன், அதாவது எழுத்துத் தகவல், போகிறது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மகளிர் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும், போகிறது. நலக் குழு ஒரு கோப்பு திறக்கிறது. பாதுகாப்பு அலகு இன்னொரு கோப்பு திறக்கிறது. ராத்திரி தங்க இடமில்லாததால் ஒன் ஸ்டாப் சென்டரில் சேர்க்கிறார்கள். அங்கும் ஒரு பதிவு. அப்புறம்தான் தெரிய வருகிறது, இரண்டு மாதத்துக்கு முன்பே பெற்றோர் வேறொரு காவல் நிலையத்தில் பெண்ணைக் காணவில்லை என்று மனு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முதலில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தருவது), பிறகு 'சிறுமி காணவில்லை' என்று ஒரு எஃப்.ஐ.ஆர்.

பெண் ஒருத்தி. அவள் பெயரில் ஓடும் எண்கள் ஏழோ எட்டோ. எல்லாத் துறைகளின் மாத அறிக்கையையும் கூட்டிப் போட்டால் அவள் பல பேராக ஆகிவிடுவாள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. காணவில்லை என்ற வழக்கைப் பிறகு போக்சோ பிரிவுக்கு மாற்றி ஆல்டரேஷன் ரிப்போர்ட் போடுவார்கள். அந்த மாற்றம் மாதாந்திரப் பட்டியலில் ஏறவில்லை என்றால், அவள் பாலியல் குற்றக் கணக்கில் வரவே மாட்டாள்.

வரைபடத்தில் கோடுகள் அறுந்துபோகும் இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். பெரும்பாலும் இவைதான்: சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோய் எஃப்.ஐ.ஆர். ஆகாத மனுக்கள், மருத்துவமனை அனுப்பி, நிலையத்தில் பதிவாகாத இன்டிமேஷன்கள், காவல் துறை வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்று சொல்லும் வயது வந்த பெண்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது. மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு மருத்துவம் பார்க்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. ஆனால் அவர்கள் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் எந்த அட்டவணையிலும் இருக்க மாட்டார்கள். காவல் நிலையத்திலிருந்து மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம், அங்கிருந்து மாநிலக் காப்பகம், அங்கிருந்து டெல்லி என்று ஏறும் கணக்கு எஃப்.ஐ.ஆரில்தான் தொடங்குகிறது. அலுவலகங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உட்புகார்க் குழுவோடு முடிந்துவிட்ட புகார்களும் அப்படியே வெளியில் நின்றுவிடும்.

ஜீரோ எஃப்.ஐ.ஆரையும் மறக்க வேண்டாம். எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் பதியலாம் என்பது பாதிக்கப்பட்டவருக்குப் பெரிய உதவி. பதிந்த நிலையத்தில் ஒரு எண், மாற்றப்பட்ட நிலையத்தில் இன்னொரு எண் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

பள்ளி ஆசிரியர் ஒருவர் மூன்று குழந்தைகளிடம் தவறாக நடந்துகொண்டார் என்று ஒரே எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. வழக்கு 1, பாதிக்கப்பட்டவர் 3, குற்றம் சாட்டப்பட்டவர் 1. இன்னொரு வழக்கில் ஒரு பெண், நான்கு பேர். வழக்கு 1, பாதிக்கப்பட்டவர் 1, குற்றம் சாட்டப்பட்டவர் 4. இரண்டையும் சேர்த்து 'இந்த மாதம் 2' என்று எழுதினால் நடந்தது எதுவும் அதில் தெரியாது.

உங்கள் பதிவேட்டில் ஒரு வரி என்பது பாதிக்கப்பட்ட ஒரு நபர். இதை மாற்றவே மாற்றாதீர்கள். வழக்கு எண், குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை, ஒரே தடவையா பலமுறை நடந்ததா என்பதெல்லாம் அந்த வரியில் நெடுக்குப் பத்திகளாக வரட்டும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நடந்த கொடுமையும் ஒரே ஒரு நாள் நடந்ததும் எஃப்.ஐ.ஆர். கணக்கில் ஒவ்வொன்றுதான். அந்த வித்தியாசத்தைக் காட்ட உங்கள் பதிவேட்டில் ஒரு பத்தி இருந்தால் போதும்.

நபர் வாரியாக வைத்திருந்தால் வழக்கு வாரியாக எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டுத்தொகையை மட்டும் வைத்திருந்தால் அதிலிருந்து ஆட்களைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. எந்தக் கட்டத்திலும் மூல விவரத்தைச் சுருக்காதீர்கள். சுருக்குவது மேலே அனுப்பும் அறிக்கையில் நடக்கட்டும்.

மூன்றாம் படி: பிரிவு எண்ணை எழுதுங்கள், பட்டப்பெயரை அல்ல

பாலியல் தொல்லை, பாலியல் துன்புறுத்தல், பாலியல் சீண்டல், பாலியல் வன்கொடுமை என்று ஒரே செயலை நான்கு அலுவலகங்கள் நான்கு விதமாக எழுதுகின்றன. அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்நாட்டு நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2016இல் பார்த்தபோது, நான்கு கூட்டாட்சித் துறைகள் குறைந்தது 10 விதமாகப் பாலியல் வன்முறைத் தரவைத் திரட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் 23 வெவ்வேறு சொற்கள் புழங்கின. 2011ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு, குற்றப் பாதிப்பு ஆய்வு ஒன்றில் 2,44,190 நிகழ்வுகள். பொதுச் சுகாதார ஆய்வு ஒன்றில் 19,29,000 பேர். நாடு ஒன்று, ஆண்டும் ஒன்று. இந்த வித்தியாசங்களை ஒவ்வொரு துறையும் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், எல்லோரும் கூடிப் பேச ஒரு மன்றம் வேண்டும் என்பதுதான் அந்த அலுவலகம் கொடுத்த பரிந்துரை. நம் மாவட்டங்களுக்கும் அதே மருந்துதான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், சட்டமே அடிக்கடி மாறியிருக்கிறது. 2012 நவம்பர் 14இல் போக்சோ அமலுக்கு வந்தது. 2013 குற்றவியல் திருத்தம் வல்லுறவின் வரையறையை விரித்தது, சம்மத வயதை 16இலிருந்து 18 ஆக்கியது, பின்தொடர்தல் முதலியவற்றைத் தனிக் குற்றங்களாக்கியது. 2012இல் நாடு முழுக்க 24,923 ஆக இருந்த வல்லுறவு வழக்குகள் 2013இல் 33,707 ஆயின. இதில் வரையறை விரிந்ததன் பங்கு எவ்வளவு, 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டு வல்லுறவுச் சம்பவத்துக்குப் பிறகு பெண்கள் துணிந்து புகார் கொடுத்ததன் பங்கு எவ்வளவு, குற்றமே கூடியதன் பங்கு எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அட்டவணைக்குப் போங்கள்.

2016இல் 38,947 ஆக இருந்த வல்லுறவு வழக்குகள் 2017இல் 32,559 ஆக இறங்கின. நல்ல செய்தி என்று தோன்றும். போக்சோவின் 4, 6 பிரிவுகளில் (ஊடுருவும் பாலியல் தாக்குதல்) பதிவான சிறுமியர் வழக்குகள் 2017 பதிப்பிலிருந்து வேறு வரிக்குப் போய்விட்டன என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த நல்ல செய்தி காணாமல் போகும். அதனால்தான் 2022இல் 31,516 வல்லுறவு வழக்குகள் என்று எழுதும்போது, அந்த எண்ணில் பெரும்பாலான குழந்தைகள் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு வல்லுறவு என்ற வரியில் 421 வழக்குகள். போக்சோவின் கீழ் பதிவானவை நாலாயிரத்துக்கும் மேல். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பிற மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுபவர்கள் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த மாற்றம் 2024 ஜூலை 1. இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்த நாள். உங்கள் மேசையில் ஒரு மாற்று அட்டவணை ஒட்டியிருக்க வேண்டும். பழைய 376 (வல்லுறவு) இப்போது 64. 16 வயதுக்குக் கீழ் என்றால் 65(1), 12க்குக் கீழ் என்றால் 65(2). கூட்டு வல்லுறவு 376டி இப்போது 70. பழைய 354 (மானபங்கம்) இப்போது 74, 354ஏ (பாலியல் துன்புறுத்தல்) இப்போது 75, 354பி (ஆடை களைதல்), 354சி (மறைந்திருந்து பார்த்தல்), 354டி (பின்தொடர்தல்) முறையே 76, 77, 78. பழைய 509 (சொல்லாலோ சைகையாலோ அவமதித்தல்) இப்போது 79.

எண்கள் மாறியது பெரிய விஷயமில்லை. உள்ளே நடந்த மூன்று மாற்றங்கள்தான் கணக்கைப் புரட்டும்.

ஒன்று, 69ஆம் பிரிவு. திருமணம் செய்துகொள்வதாக ஏமாற்றி உறவு கொள்வது இப்போது தனிக் குற்றம், வல்லுறவு ஆகாது. முன்பு இந்த வழக்குகள் 376இல் பதிவாகிக்கொண்டிருந்தன. எனவே 2024க்குப் பிறகு வல்லுறவு எண்ணிக்கை இறங்கினால், 69இல் எத்தனை ஏறியது என்று பார்க்காமல் வாய் திறக்காதீர்கள்.

இரண்டு, 'இயற்கைக்கு மாறான உறவு' என்ற பழைய 377ஆம் பிரிவு இல்லாமல் போனது. வயது வந்த ஆணின் மீது நடக்கும் பாலியல் வன்முறைக்குப் புதிய சட்டத்தில் நேரான பிரிவு இல்லை. திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 18ஆம் பிரிவு திருநருக்கு உண்டு, தண்டனை மிகக் குறைவு. வழக்குப் பதிவாகாவிட்டாலும் உங்கள் மையத்துக்கு அப்படி ஒருவர் வந்தால் ஒரு வரி திறவுங்கள். பிரிவு என்ற பத்தியில் 'பொருந்தும் பிரிவு இல்லை' என்று எழுதுங்கள். சட்டத்தின் ஓட்டையைப் பின்னால் யாராவது காட்ட வேண்டும் என்றால் இந்த வரிகள்தான் ஆதாரம்.

மூன்று, சம்பவம் எப்போது நடந்தது என்பது. 2024 ஜூலைக்கு முன் நடந்து, பிறகு புகார் வந்தால் குற்றப் பிரிவு பழைய சட்டத்திலேயே வரும். ஆக, ஒரே மாதப் பட்டியலில் 376உம் இருக்கும், 64உம் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கூட்டும் வழியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆரில் உள்ள எல்லாப் பிரிவுகளையும் எழுதுங்கள் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. தேசியக் கணக்கில் ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் ஆகக் கொடிய குற்றம் மட்டுமே எண்ணப்படும். வல்லுறவு செய்து கொன்றால் அது கொலைக் கணக்கு. 2017 முதல் 'வல்லுறவுடன் கொலை' என்று தனி வரி வந்துவிட்டது, நல்லது. ஆனால் அது வல்லுறவு வரியின் கூட்டுத்தொகையில் சேராது. ஒப்பிடுபவர்தான் தேடிச் சேர்க்க வேண்டும். அதே போலத் தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் 1998இன் கீழ் மட்டும் பதிவான வழக்கு மாநிலச் சட்ட வழக்கு. தேசிய அட்டவணையில் பாலியல் துன்புறுத்தல் வரியில் தேடினால் கிடைக்காது.

நான்காம் படி: தேதிகளும் வயதும்

மூன்று தேதிப் பத்திகள் வேண்டும்: சம்பவம் நடந்த நாள் (அல்லது தொடங்கிய மாதம்), முதல் முறை யாரிடமாவது சொன்ன நாள், எஃப்.ஐ.ஆர். பதிவான நாள். அரசின் ஆண்டறிக்கை மூன்றாவதை வைத்துத்தான் எண்ணுகிறது. டிசம்பரில் நடந்து ஜனவரியில் பதிவானது அடுத்த ஆண்டுக் கணக்கு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைவெளி எவ்வளவு என்பதுதான் உங்கள் மாவட்டத்தில் நிலையங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைச் சொல்லும். மேலே யாரும் கேட்காவிட்டாலும் அதைப் பதியுங்கள்.

வயது என்றால் சம்பவத்தின்போது இருந்த வயது. 17இல் நடந்ததை 19இல் வந்து சொல்பவரும் போக்சோ கணக்குதான். வயதுக்கு ஆதாரம் என்ன என்றும் ஒரு குறியீடு போடுங்கள்: பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, மருத்துவப் பரிசோதனை, வாய்மொழி. வயதைப் பிரிவுகளாக மாற்றி எழுத வேண்டாம். '15-18' என்று எழுதிவிட்டால் 16க்குக் கீழ் என்ற சட்ட எல்லையைப் பிறகு எடுக்க முடியாது.

ஐந்தாம் படி: காலிக் கட்டத்தை ஒழியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். 'மாற்றுத்திறனாளியா?' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதற்கு என்ன பொருள்? இல்லை என்றார்களா, கேட்கவே இல்லையா, கேட்டும் சொல்லவில்லையா, பதிபவருக்குத் தெரியவில்லையா? மாத முடிவில் கணினி இந்த நான்கையும் 'இல்லை' என்றே எண்ணிவிடும். அப்புறம் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் யாரும் பாதிக்கப்படவில்லை என்று ஒரு அறிக்கை வரும். சைகை மொழி பெயர்ப்பாளருக்கு நிதி கேட்டால், தேவை இருப்பதாகத் தெரியவில்லையே என்று பதில் வரும்.

ஆகவே இப்படிப்பட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்தே விடைகள்: ஆம், இல்லை, கேட்கவில்லை, சொல்ல விரும்பவில்லை, பதிபவருக்குத் தெரியாது. காலி என்ற ஒன்றே கிடையாது. எக்செல்லில் பட்டியலாகக் கொடுத்துவிட்டால் தட்டச்சு வேறுபாடுகளும் போய்விடும். மாதத்துக்கு ஒரு முறை 'கேட்கவில்லை' எத்தனை என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அது கூடிக்கொண்டே போனால் படிவம் நீளமாகிவிட்டது என்றோ ஊழியர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்றோ அர்த்தம்.

ஒன்றைக் கவனியுங்கள். கட்டத்தை நிரப்புவதற்காக அந்தப் பெண்ணிடம் திரும்பப் போய்க் கேட்காதீர்கள். ஏற்கனவே மருத்துவரிடம் சொல்லியிருப்பாள், காவலரிடம் சொல்லியிருப்பாள், மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லியிருப்பாள். உங்கள் படிவத்துக்காக நாலாவது தடவை சொல்ல வைப்பது வன்முறையை நீட்டுவதுதான். ஏற்கனவே உள்ள ஆவணத்திலிருந்து எடுங்கள்; கிடைக்காவிட்டால் 'கேட்கவில்லை' என்று நேர்மையாக எழுதுங்கள். அது குறையில்லை.

ஆறாம் படி: உறவும் இடமும்

'தெரிந்தவர்' என்ற ஒற்றைக் கட்டம் போதாது. தந்தை, மாற்றாந்தந்தை, சகோதரர், மாமா, சித்தப்பா போன்ற உறவினர், கணவர், முன்னாள் கணவர், காதலர், பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், முதலாளி அல்லது மேஸ்திரி, இணையத்தில் அறிமுகமானவர், முற்றிலும் அந்நியர் என்று பிரியுங்கள். ஒரே வீட்டில் வசிப்பவரா என்பது தனிக் கேள்வி. இன்று இரவு அவளை எங்கே அனுப்புவது என்ற முடிவே அதில்தான் இருக்கிறது. இடத்துக்கும் அதே மாதிரி ஒரு சிறு பட்டியல் போதும்.

ஏழாம் படி: முடிவுகளைப் பதியும்போது

வழக்கு முடிந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். புலனாய்வை முடிக்கும்போது காவல் துறை பயன்படுத்தும் வகைகள் பல: பொய்யானது, பொருண்மைப் பிழை (நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்த புகார்), உண்மை ஆனால் சாட்சியம் போதவில்லை, இன்னும் சில. இவற்றை எல்லாம் ஒன்றாக்கி 'பொய்ப் புகார்கள் இத்தனை சதவீதம்' என்று எழுதுவது பெரிய அநியாயம். சாட்சியம் போதாத வழக்கில் நடந்தது நடந்ததுதான் என்று காவல் துறையே ஒத்துக்கொள்கிறது.

தண்டனை வீதமும் அப்படித்தான். அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனையில் தண்டனை என்பதுதான் அது. அந்த ஆண்டு பதிவான வழக்குகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பல ஆண்டு பழைய வழக்குகளும் அதில் இருக்கும். உங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு வரியையும் தொடர்ந்து பின்பற்றினால், 2022இல் பதிவான வழக்குகள் எங்கே நிற்கின்றன என்று உண்மையாகவே சொல்ல முடியும். பெரும்பாலான மாவட்டங்களில் இந்த விடை யாரிடமும் இல்லை.

எட்டாம் படி: மாதம் ஒரு முறை நேருக்கு நேர் உட்காருங்கள்

மென்பொருள் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். காவல் துறையின் குற்றப் பதிவுக் கணினி வலையமைப்பான சி.சி.டி.என்.எஸ். வேறு, சென்டரின் இணையத் தளம் வேறு, சுகாதாரத் துறையின் தளம் வேறு. இவற்றை இணைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார முடியும். மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்திலிருந்து ஒருவர், தலைமை மருத்துவமனையில் ஏ.ஆர். பார்ப்பவர், சென்டர் நிர்வாகி, பாதுகாப்பு அலகு, நலக் குழுவின் எழுத்தர். ஆட்சியர் அலுவலகத்திலிருந்தோ சமூக நல அலுவலரிடமிருந்தோ ஒரு கடிதம் வாங்கிவிட்டால் இது வழக்கமான கூட்டமாகிவிடும்.

அங்கே பெயர்கள் பேசக் கூடாது. எஃப்.ஐ.ஆர். எண், நிலையம், ஏ.ஆர். எண், வயது, தேதி இவற்றை வைத்தே பொருத்திவிடலாம். ஒவ்வொரு நபருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒரே ஒரு இடத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் எஃப்.ஐ.ஆர். படம் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முதல் நாளிலேயே அதை நிறுத்துங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தை என்றால் போக்சோ 23, இளைஞர் நீதிச் சட்டம் 74 இரண்டும் பாயும்.

கூட்டத்தில் மூன்று கேள்விகள் போதும். மருத்துவமனையிலிருந்து போன இன்டிமேஷன்களில் எத்தனைக்கு எஃப்.ஐ.ஆர். எண் கிடைத்தது? போக்சோ எஃப்.ஐ.ஆர்களில் எத்தனை நலக் குழுவுக்கு வந்தன? இந்த மாதம் எத்தனை வழக்குகளில் பிரிவு மாறியது? எண்கள் ஒத்துப்போகாத இடத்தில் யார் மீது தப்பு என்று பேச ஆரம்பித்தால் அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள். வித்தியாசத்தையும் அதன் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்து எண்களையும் ஒரே எண்ணாக்குவது நம் நோக்கமே இல்லை. ஐந்தும் ஏன் வேறுபடுகின்றன என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஒன்பதாம் படி: காவல் கணக்கையும் கணக்கெடுப்பையும் குழப்பாதீர்கள்

தேசிய குடும்பநல ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. 18 முதல் 49 வயதுப் பெண்களில் 6 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்றது. திருமணமானவர்களில் அப்படி அனுபவித்தவர்களைக் கேட்டபோது 82 சதவீதம் பேர் கைகாட்டியது தற்போதைய கணவரை. இந்தப் பெண்கள் காவல் நிலையத்தின் வல்லுறவுக் கணக்கில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் கணவரின் செயல் வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கு நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் இன்னும் இருக்கிறது.

ஒன்று ஓராண்டின் வழக்குகள், மற்றொன்று வாழ்நாள் அனுபவம். இரண்டையும் கழித்துப் பார்த்து 'இத்தனை சதவீதம் புகார் செய்யப்படவில்லை' என்று எழுதாதீர்கள். சுற்றுகளை ஒப்பிடும்போதும் ஜாக்கிரதை. நான்காவது சுற்றில் இந்தக் கேள்விகள் 15-49 வயதினருக்கு, ஐந்தாவதில் 18-49 வயதினருக்கு.

அந்த ஆய்வின் கேள்வி முறையிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. 'உங்களுக்கு வல்லுறவு நடந்ததா' என்று அவர்கள் கேட்பதில்லை. விருப்பமில்லாதபோது உடல் பலத்தால் கட்டாயப்படுத்தினாரா என்று செயலைச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கிறார்கள், தனிமை இல்லாவிட்டால் கேட்பதே இல்லை. உங்கள் மையத்தின் முதல் சந்திப்புப் படிவத்தையும் இப்படி மாற்றிப் பாருங்கள். பெயர் வைக்கும் வேலை நம்முடையது, நடந்ததைச் சொல்வது மட்டும் அவளுடையது.

பத்தாம் படி: வெளியிடும்போது

ஒவ்வொரு அட்டவணைக்கும் அடியில் ஐந்து வரிக் குறிப்பு வேண்டும்: எண்ணியது வழக்கா நபரா, எந்தத் தேதியை வைத்து, எந்தச் சட்டப் பிரிவுகள் உள்ளே, எவை வெளியே, போன அறிக்கைக்குப் பிறகு என்ன மாறியது. விகிதம் கொடுத்தால் எந்த மக்கள்தொகையால் வகுத்தீர்கள் என்று எழுதுங்கள். 2011க்குப் பிறகான விகிதங்கள் எல்லாம் அந்தக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீட்டு எண்களால் வகுத்தவை.

ஒன்றியம், ஊராட்சி அளவில் சிறிய எண்களை அப்படியே போடாதீர்கள். ஒரு ஊராட்சியில் '1, வயது 14, உறவு தந்தை' என்று அச்சிட்டால் பெயரைப் போட்ட மாதிரிதான், ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்துக்குக் கீழ் இருந்தால் 'ஐந்துக்கும் குறைவு' என்று போடுங்கள், அல்லது மாவட்ட அளவில் சேர்த்துக் காட்டுங்கள். அப்போது கூட்டுத்தொகையிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிவு மாறியதாலோ தாமதமாகத் தகவல் வந்ததாலோ போன ஆண்டு எண்ணைத் திருத்த நேர்ந்தால் பழைய கோப்பின் மேல் எழுதாதீர்கள். தேதி போட்டுப் புதிய கோப்பாகச் சேமியுங்கள், என்ன மாறியது என்று முதல் தாளில் எழுதுங்கள், பழையதை அப்படியே வையுங்கள். நீங்கள் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போன பிறகு அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு முதலில் தேவைப்படுவது இந்த இரண்டு கோப்புகளும்தான்.